கொம்பு விழும் காலத்தில் ஆண் மரை

விடியற்காலையில் பட்டிப்பொல வழியாக இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளிக்கு ஏறுகிறவர்கள், ஃபார் இன் பார்வையாளர் நிலையத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் மரைகள் மேய்வதைப் பார்க்காமல் திரும்புவது அரிது. கூட்டத்தின் ஓரத்தில் சில நேரம் ஒன்று தனியாக நிற்கும். மற்றவற்றைவிட உயரமாக இருக்கும், கழுத்து தடித்து அதில் பிடரி மயிர் தொங்கும், தலையில் மட்டும் கொம்பு இருக்காது. "பெரிய பெண் மரை" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் நடையைக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது பெண் அல்ல, கொஞ்ச நாளைக்கு முன் கொம்பு விழுந்த ஆண். அது ஏன் கூட்டத்தோடு ஒட்டாமல் நிற்கிறது, ஏன் வழக்கத்தைவிடப் பயந்த சுபாவமாக இருக்கிறது என்பதையெல்லாம் புரிந்துகொள்ளக் கொம்பின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். நாம் மரை என்பதைத் தமிழ்நாட்டில் கடமான் என்றும், தென்கோடியில் மிளா என்றும் சொல்கிறார்கள். சிங்களத்தில் கோனா. 1848 வாக்கில் நுவரெலியாவில் குடியேறி வேட்டைநாய்களோடு இந்த மலைகளைச் சுற்றிய சாமுவேல் பேக்கரும் அவர் காலத்து வெள்ளைக்காரர்களும் இதை 'எல்க்' என்றே எழுதி வைத்தார்கள். நுவரெலியாப் பக்கத்தில் 'எல்க் பிளெயின்ஸ்' என்ற இடப்பெயர் வந்தது அப்படித்தான். உண்மையான எல்க் வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் வாழும் வேறொரு பெரிய மான். இலங்கையில் அது ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டும் ஒரே குடும்பம், கொம்பு விழுவதன் அடிப்படையும் ஒன்று. விழும் காலம்தான் முற்றிலும் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல், எல்க் பற்றி இணையத்தில் படித்ததை அப்படியே நம் மரைக்குப் பொருத்திப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்த குழப்பம் 'கொம்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்கிறோம். மாட்டுக்கொம்பின் உள்ளே எலும்புத் தண்டு இருக்கும், அதற்கு மேல் நகத்தைப் போன்ற பொருளால் ஆன உறை இருக்கும். அது ஆயுள் முழுவதும் வளருமே தவிர விழாது, உடைந்தால் உடைந்ததுதான். மான்கொம்பு முழுக்க எலும்பு. நெற்றி எலும்பின் மேல் இரண்டு குட்டையான மேடுகள் உண்டு. இவற்றைக் கொம்படி என்று வைத்துக்கொள்வோம். கொம்படி நிரந்தரமானது. அதன் மேல் வளரும் கொம்பு வளர்ந்து, முற்றி, விழுந்து, திரும்ப முளைக்கும். பாலூட்டிகளில் இத்தனை பெரிய உறுப்பு முழுதாக விழுந்து அதே இடத்தில் புதிதாக முளைப்பது மான் குடும்பத்தில் மட்டும்தான்.

இதையெல்லாம் ஆட்டி வைப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அதன் அளவு குறைவாக இருக்கும்போது கொம்பு வளரும். அளவு ஏறும்போது வளர்ச்சி நின்று, எலும்பு இறுகி, மேலே போர்த்தியிருந்த தோல் காய்ந்து உரியும். உச்சத்தில் இருக்கும்வரை கொம்பு பாறைபோல ஒட்டி நிற்கும். ஹார்மோன் மறுபடி இறங்கியதும், கொம்பும் கொம்படியும் சேரும் இடத்தில் எலும்பைத் தின்னும் செல்கள் வேலையைத் தொடங்கி, ஒரு மெல்லிய கோட்டைச் சுற்றிலும் அரித்துக்கொண்டே போகும். அது நடந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. நேற்று மரத்தோடு முட்டித் தள்ளிய கொம்பு இன்று ஒரு புதரில் உரசியதும் கழன்று விழுவது இதனால்தான். தேய்ந்தோ, மரத்தில் மோதி உடைந்தோ கொம்பு விழுவதாகப் பலர் நினைப்பது சரியல்ல. மோதல் கடைசித் தட்டு மட்டுமே. அதற்கு முன்னரே உள்ளே அறுந்திருக்கும்.

ஆணின் நடத்தையும் இதே ஹார்மோனின் பின்னால்தான் போகிறது. முற்றிய கொம்போடு உச்சத்தில் இருக்கும் ஆண் மரையை அடையாளம் காண்பது சுலபம். பிடரி சிலிர்த்திருக்கும், சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் கரிய சேறு அப்பியிருக்கும், தன் சிறுநீரையே மேலில் தெளித்துக்கொண்ட நெடி காற்றில் தூரத்திலேயே வரும். பின்னங்கால்களில் எழும்பி நின்று தலைக்கு மேலுள்ள கிளையில் முகத்தையும் கொம்பையும் தேய்த்து வாசனை விடும். கழுத்தின் கீழ்ப்பக்கம் மயிர் கொட்டிச் சிவந்த புண்போல ஒரு வட்டம் தெரியலாம். பார்த்தவர்கள் காயம் என்று பதறி வனவிலங்கு அலுவலர்களுக்குச் சொல்வதுண்டு. மரைக்கே உரிய சுரப்பித் திட்டு அது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஈரமாகிச் சிவந்து தெரியும்.

கொம்பு விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன் இவை ஒவ்வொன்றாக அடங்கும். முதலில் சேற்றுக் குளியல் குறையும். கிளைகளில் தேய்க்கும் பழக்கம் போகும். பெண் மரைகளின் பின்னால் முகர்ந்துகொண்டு திரிவது நிற்கும். இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் வந்தாலும் முன்புபோலப் பக்கவாட்டில் விறைத்து நடந்து பயம் காட்டாமல், இரண்டில் ஒன்று விலகிப் போகும். கழுத்துத் தசையின் பருமன் இறங்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் சரியாக மேயாது, அதனால் இந்த நாட்களில் விலா எலும்பு தெரிய மெலிந்திருப்பதும் வழக்கம். கொம்பைப் பார்த்துக் 'கடா உச்சத்தில் இருக்கிறது' என்று தீர்மானிக்கக்கூடாது. கொம்பு தலையில் இருக்கும், அதன் பின்னால் இருந்த வீறாப்பு போயிருக்கும்.

விழும் நாளில் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. இரண்டு கொம்பும் ஒரே நேரத்தில் விழுவது குறைவு. ஒன்று போனபின் மற்றது சில மணி நேரத்தில் போகலாம், சில நாள் எடுக்கவும் செய்யலாம். அந்த இடைவெளியில் மரை தலையை ஒரு பக்கம் சாய்த்து நடக்கும், அடிக்கடி தலையை உதறும், பாரமான பக்கத்தைப் புதரில் கொடுத்துத் தேய்க்கும். கழன்ற இடம் கொஞ்ச நேரம் இரத்தம் கசிந்து சிவப்பாகத் தெரியும். ஓரிரு நாளில் பொருக்குக் கட்டும். வலியால் துடிக்கிறது என்று சொல்ல அதன் நடத்தையில் எதுவும் காணக் கிடைப்பதில்லை. விழுந்த சற்று நேரத்தில் பல ஆண்கள் பழையபடி மேயத் தொடங்கிவிடும்.

மாற்றம் வருவது அதற்குப் பிறகுதான். கொம்பு போன ஆணின் இடம் கூட்டத்தில் ஒரே நாளில் இறங்கும். நேற்றுவரை இதைக் கண்டு ஒதுங்கிய, இன்னும் கொம்பு தாங்கிய இளம் ஆண் இன்று இதை மேய்ச்சலிடத்திலிருந்து விரட்டும். பெரியது எதிர்த்து நிற்காது. சண்டை மூண்டாலும் முட்டாமல், பின்னங்கால்களில் எழும்பி முன்னங்குளம்பால் குத்துச்சண்டை போடும். பெண் மரைகள் சண்டையிடும் முறையும் இதுதான். பெரும்பாலும் சண்டையைத் தவிர்த்துக்கொண்டு அடர்ந்த இடங்களுக்குப் போய்விடும். ஹோட்டன் சமவெளியில் அப்படி ஒதுங்க ஓடையோரக் குள்ள மூங்கில் புதர்களும், புல்வெளியும் காடும் சேரும் விளிம்புகளும் வசதியானவை. பகலில் அங்கே படுத்திருந்து இருட்டும்போது வெளியே வரும், விடியுமுன் திரும்பும். மரை இயல்பாகவே அந்தி மிருகம்தான். கொம்பில்லாத ஆணிடம் அந்தப் பழக்கம் இன்னும் கூடும்.

இந்தப் பதுங்கலுக்குப் பயம் ஒரு காரணம், பசி இன்னொன்று. புதிய கொம்பு முளைக்க ஏராளமான கல்சியமும் பொஸ்பரசும் வேண்டும். புல்லிலும் இலையிலும் கிடைப்பது போதாது. ஆகவே உடல் தன் விலா எலும்பு போன்றவற்றிலிருந்து கடன் வாங்கிக் கொம்புக்குக் கொடுக்கும். வளர்ச்சி முடிந்தபின் மேய்ந்து அந்தக் கடனைத் தீர்க்கும். எலும்பு நலிந்திருக்கும் இந்த மாதங்களில் ஓடுவதும் சண்டை போடுவதும் நட்டக் கணக்கு. தின்றுவிட்டு அசைபோட்டபடி ஓரிடத்தில் கிடப்பதே அதற்கு இலாபம்.

குளிர்நாட்டு எல்க்கில் இதே கதை கால அட்டவணை போட்டு நடக்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் இனச்சேர்க்கை. அது முடிந்ததும் ஆண்கள் பெண்களைவிட்டுப் பிரிந்து தனிக் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும். பெப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை கொம்புகள் விழும். முதிர்ந்த பெரிய ஆண்களுக்கு முதலில், ஒற்றை ஈட்டிபோல் கொம்பு வைத்த இளசுகளுக்குக் கடைசியில். பெரிய எல்க்கின் இரண்டு கொம்பும் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும். அத்தனையையும் ஓகஸ்டுக்குள் திரும்ப வளர்த்தாக வேண்டும் என்பதால் முந்தி விழுந்தவனுக்கு வளர்க்க நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் முந்துவதற்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் ஓநாய்கள் எந்த எல்க்கைக் குறிவைக்கின்றன என்று பல ஆண்டுகள் பார்த்து 2018 இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: மார்ச் மாதத்தில் கொம்பை இழந்த ஆண்கள், கொம்போடு இருந்தவற்றைவிட உடல்நிலையில் நன்றாக இருந்தும், ஓநாய்கள் அவற்றையே அதிகம் தேர்ந்தெடுத்தன. சண்டைக்கான ஆயுதத்தை இனச்சேர்க்கை முடிந்து இத்தனை மாதம் எல்க் ஏன் சுமக்கிறது என்ற பழைய கேள்விக்கு இது நல்ல விடை.

நம் மரைக்கு அப்படியொரு மாதம் கிடையாது. இங்கே ஒரே காலையில், ஒரே புல்வெளியில், முற்றிய கொம்போடு ஒரு ஆண், மொட்டைத் தலையோடு ஒன்று, பாதி வளர்ந்த கொம்போடு இன்னொன்று என்று மூன்றையும் காணலாம். காரணம் சூரியன். குளிர்நாட்டு மானின் ஹார்மோன் கடிகாரம் பகலின் நீளத்தைப் பார்த்து ஓடுகிறது. யெலோஸ்டோனில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம், மிகக் குறுகியது ஒன்பது மணிக்கும் குறைவு. ஹோட்டன் சமவெளி பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் எடுத்தாலும் வேறுபாடு முக்கால் மணிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. மிருகத்தின் உடம்புக்கு 'இன்ன மாதம் வந்துவிட்டது' என்று உரக்கச் சொல்ல வெளியே எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு ஆணும் தன் கடிகாரத்தின்படி நடக்கிறது. சில ஆண்கள் கொம்பை ஓராண்டுக்கு மேலும் வைத்திருப்பதுண்டு. குட்டிகளும் அதனால் ஒரே பருவத்தில் வந்து குவிவதில்லை. எல்க் குட்டி ஜூனில் பிறந்தாக வேண்டும், தாமதமானால் பனி கொன்றுவிடும். இங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரை விடியலில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்தாலும் ஒன்பது மணிக்குள் வெயிலில் கரைந்து புல் வெளியே வந்துவிடும். மரைக்குப் பட்டினி மாதம் என்று ஒன்று இல்லை.

ஆகவே 'மரைக்கு எந்த மாதம் கொம்பு விழும்?' என்று கேட்டால் விடை கிடைக்காது. கண்ணெதிரே நிற்கும் மரை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே பயன்.

அதற்குத் தொலைநோக்கி இருந்தால் நல்லது. 8 மடங்கு பெரிதாக்கும் சாதாரணமானதே போதும். காதுக்கு முன்னால், நெற்றியின் இரு பக்கமும் பாருங்கள். பெண்ணுக்கு அந்த இடம் வழவழப்பாக இருக்கும். ஆணுக்கு இரண்டு மேடுகள் தெரியும். அவை சிவந்து ஈரமாக இருந்தால் கொம்பு விழுந்து ஓரிரு நாள்தான். கருத்த பொருக்கு என்றால் ஒரு வாரம், பத்து நாள். பொருக்கின் ஓரத்திலிருந்து மயிர் மூடிய தோல் உள்நோக்கி ஏறி, குமிழ்போல் வீங்கியிருந்தால் அடுத்த கொம்பு புறப்பட்டுவிட்டது. முதலில் முன்னோக்கி ஒரு நெற்றிக்கிளை பிரியும், பிறகு நடுத்தண்டு உயரும், கடைசியில் அதன் நுனி இரண்டாகக் கவைக்கும். பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு முனை. முழு வளர்ச்சி பெற்ற மரைக்கு அவ்வளவுதான். படத்தில் பத்துப் பன்னிரண்டு முனையோடு இருப்பது எல்க்கோ ஐரோப்பியச் செம்மானோ, மரை அல்ல. முனையை எண்ணி வயது சொல்வதும் பிழை. நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் ஆறுதான். இரண்டாம் வயதில் வரும் முதல் கொம்பு மட்டும் கிளையில்லாத ஒற்றைக் குச்சி.

வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் தோலை அதன் மென்மைக்காக வெல்வெட் என்பார்கள். உள்ளே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்து, தொட்டால் சூடாக இருக்கும். அதில் அடிபட்டால் வலிக்கும், இரத்தம் வரும். அதனால் வெல்வெட் காலத்து ஆண் நெருக்கமான மரங்களுக்கிடையே தலையை உயர்த்தி, முகவாயை முன்னால் நீட்டி, பாத்துப் பாத்து நடக்கும். ஈ மொய்த்தால் காதை அடித்துக்கொண்டே இருக்கும். நான்கைந்து மாதம் இப்படிப் போனபின் ஹார்மோன் ஏறி, கொம்பு இறுகி, தோல் காயும். அப்போது இளமரங்களில் தேய்த்து உரிக்கும். இரத்தம் தோய்ந்த கந்தல் துண்டுகள் கொம்பில் தொங்குவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். காயம் அல்ல அது. தோல் செத்துவிட்டது, மரைக்கு உணர்ச்சி இல்லை. தொங்கும் துண்டைத் தானே தின்றுவிடுவதும் உண்டு. உரித்த கொம்பு முதலில் வெளிறியிருக்கும், மரப்பட்டைச் சாறும் இரத்தக் கறையும் ஏறிப் பிறகு பழுப்பாகும்.

எல்லாம் ஒழுங்காக நடப்பதில்லை. வெல்வெட் காலத்தில் அடிபட்டால் அந்தப் பக்கம் வளைந்தோ கிளை குறைந்தோ வரும், அடுத்த முறை கொம்பு விழுந்து முளைக்கையில் சரியாகிவிடும். கொம்படியே உடைந்திருந்தால் கோணல் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும். பின்னங்காலில் பலத்த காயம் பட்ட மான்களில் எதிர்ப்பக்கக் கொம்பு சிறுத்து வருவது பல இடங்களில் பதிவாகியுள்ளது. விரைகளில் காயம் பட்ட ஆணுக்கு ஹார்மோன் நின்றுபோய், கொம்பு முற்றாமல் வெல்வெட்டோடே முண்டும் முடிச்சுமாக வளர்ந்துகொண்டிருக்கும், விழவும் செய்யாது. கொம்பு விழுந்த இடத்தில் கிருமி புகுந்தால் அது மண்டையோட்டுக்குள் போய்ச் சீழ் வைத்து மானைக் கொல்லலாம். தலையைத் தொங்கப்போட்டு ஒரே திசையில் வட்டமிட்டு நடக்கும் ஆணைக் கண்டால் பூங்கா அலுவலகத்தில் சொல்லுங்கள். முற்றிய கொம்பில் நைலோன் கயிறோ வேலிக் கம்பியோ சிக்கியிருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. தின்னவும் நடக்கவும் முடிகிறதென்றால் கொம்பு விழும்போது அதுவும் கூடவே போகும். கழுத்திலோ காலிலோ இறுகியிருந்தால் கதை வேறு, அன்றே அறிவிக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களிலும் மரக்கறித் தோட்ட வேலிகளிலும் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி பன்றி எது, மரை எது, சிறுத்தை எது என்று பார்ப்பதில்லை.

எவ்வளவு நெருங்கலாம்? 25 மீற்றருக்குக் குறையாமல் நில்லுங்கள், எந்தக் கட்டமானாலும். முற்றிய கொம்போடு உச்சத்தில் இருப்பது முட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொம்பில்லாததுதானே என்று கிட்டப் போகிறவர்களுக்கு முன்னங்குளம்பு நினைவில் இருப்பதில்லை. முன்னங்காலை ஓங்கித் தரையில் உதைப்பதும், வாலைத் தூக்குவதும், ஹாரன் அடித்தாற்போல் ஒரு தடவை கத்துவதும் எச்சரிக்கை. சில வேளை அது உங்களுக்கல்ல, பின்னால் புதரில் இருக்கும் சிறுத்தைக்கு. ஹோட்டன் சமவெளிச் சிறுத்தையின் முக்கிய இரை மரைதான். வாகனத் தரிப்பிடத்தில் பாணும் பிஸ்கட்டும் நீட்டுவது இன்னொரு பெரிய தொல்லை. மனிதனின் கையைத் தேடிப் பழகிய ஆண், கொம்பு விழுந்து பதுங்க வேண்டிய நாளிலும் குப்பைத் தொட்டியைச் சுற்றும். உணவின் மணம் ஏறிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். அசைபோடும் வயிற்றில் அது கரையாது, வெளியேறவும் செய்யாது.

கடைசியாக, விழுந்த கொம்பு. நடைபாதையில் ஒன்று கிடந்தால் எடுத்துப் பார்க்கத் தோன்றும். கிடந்த இடத்திலேயே வைத்து அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். முத்து முத்தாகத் தடித்த ஒரு வளையம் இருக்கும், அதற்குக் கீழே ரவை தூவியதுபோலச் சொரசொரப்பான, சற்றே குவிந்த வட்டம். அப்படியென்றால் தானாக விழுந்தது. வளையத்துக்குக் கீழே மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தாலோ வெட்டிய தடம் நேராக இருந்தாலோ, மரை செத்த பிறகு எடுத்தது. பழைய பங்களாச் சுவர்களில் மாட்டியிருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

தானாக விழுந்ததுதானே, எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். 1988 முதல் ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அங்கிருந்து எந்த விலங்கின் எந்தப் பாகத்தையும் கொண்டுபோவது குற்றம். கத்தியின் கைப்பிடிக்கும் மருந்துக்கும் என்று விலை பேசுகிறவர்கள் இருக்கும்வரை, 'காட்டில் பொறுக்கினேன்' என்பது சுருக்கு வைத்தவனுக்கும் சொல்ல வசதியான பதில். அதைவிட, அந்தக் கொம்புக்கு ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முள்ளம்பன்றி இரவில் வந்து அதைக் கொறிக்கும், பல்லைத் தேய்க்கவும் கல்சியத்துக்கும். மரைகளே வந்து மென்று பார்க்கும். இரண்டு பக்கமும் இணையிணையாக உளியால் செதுக்கியதுபோல் பள்ளம் விழுந்த கொம்பைக் கண்டால் அது முள்ளம்பன்றியின் வேலை. மிச்சம் ஈர மண்ணில் பச்சைப் பாசி ஏறிக் கிடக்கும்.